குக்கர் உள்ளே வந்த ஞாயிற்றுக்கிழமை

எங்கள் வீட்டில் பன்றி சமைப்பது உண்டு. ஆனால் வீட்டுக்குள் கிடையாது. இது நான் போட்ட சட்டம். கல்யாணமாகி இந்தக் கிள்ளான் தாமான் குடியிருப்புக்கு வந்த முதல் வாரமே போட்டுவிட்டேன். என் வீட்டுக்காரர் கமலநாதனுக்கும் அவருடைய கூட்டாளிகளுக்கும் காட்டுப்பன்றி கிடைத்தால், பின்சந்தில் தனி அடுப்பு வைத்து, தனிச் சட்டியில் வறுத்து, அங்கேயே நின்றுகொண்டு தின்பார்கள். தட்டை வெளிக்குழாயில் கழுவி வெளியிலேயே கவிழ்க்க வேண்டும். மேலுக்குக் குளித்துவிட்டுத்தான் படி ஏற வேண்டும். இவர் ஒரு நாளும் மறுத்துப் பேசியதில்லை. மறுத்துப் பேசுகிற ஆளாக இருந்தால் என்னோடு இத்தனை வருஷம் ஓட்டியிருக்க முடியாது.

காரணம் இல்லாமல் சட்டம் போடவில்லை. என் சமையலறைச் சுவரில் மாரியம்மன் படம் இருக்கிறது. வெள்ளிக்கிழமை உபயம் என்றால் கோயிலில் சாம்பார் வைக்கிற கை என்னுடையது. உஷாராணி அக்கா சாம்பார் என்றால் எங்கள் வட்டாரத்தில் தனிப் பேர். நான் பன்றியைத் தின்றதும் இல்லை, தொட்டதும் இல்லை. தின்கிறவர்களைக் குறை சொன்னதும் இல்லை. சரி, கொஞ்சம் சொல்லியிருப்பேன்.

இப்படி இருந்த எனக்கு ஒரு மகள், தாமரை. பங்சாரில் கணக்காய்வு அலுவலகத்தில் வேலை. அதே அலுவலகத்தில் சூன் வேய் என்ற சீனப் பையன். மீதியை நான் சொல்லத் தேவையில்லை. கேள்விப்பட்ட அன்று வீட்டில் பெரிய ரகளை. ஒரு மாதம் அவளோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு அந்தப் பையன் ஒரு நாள் வந்தான். வந்தவன் பயந்துபோய்ச் சோபா நுனியில் உட்கார்ந்திருந்தான். பாவமாக இருக்கிறதே என்று சோறு போட்டேன். "ஆன்டி, இன்னும் கொஞ்சம் சாம்பார் கிடைக்குமா?" என்று மூன்று முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். அதற்கப்புறம் என் கோபம் போன இடம் தெரியவில்லை.

ஆனால் அவனுடைய அம்மா சம்மதிக்கவில்லை. பெக் லியான் என்று பேர். புருஷன் இல்லை, ஒரே பிள்ளை. மேரு ரோட்டில் திரைச்சீலை தைத்து விற்கிற கடை வைத்திருக்கிறார். இரண்டு வருஷமாக "வேண்டாம்" என்ற ஒரே பதில்தான். அம்மா மனதை நோகடித்துக் கல்யாணம் பண்ண மாட்டேன் என்று அவனும், அப்படிப் பண்ணினால் எனக்கும் வேண்டாம் என்று இவளும் நின்றார்கள். நல்ல பிள்ளைகளாகப் பெற்றால் இதுவும் ஒரு தொல்லை.

ஏன் வேண்டாமாம் என்று ஒரு நாள் தாமரையைப் பிடித்து உட்கார வைத்துக் கேட்டேன். நிறமா, மதமா, என்னதான் அவர்களுக்குக் குறை? அவள் முதலில் மழுப்பினாள். அப்புறம் சொன்னாள்.

"அவங்க சாப்பாட்டப் பத்திப் பேசுறாங்கம்மா. இந்தியர் வீட்ல நம்ம சாப்பாட்ட வெளிய தள்ளி வைப்பாங்க, சாப்பாட்டத் தள்ளி வைக்கிறவங்க ஒரு நாளைக்கு ஆளையும் தள்ளி வைப்பாங்கன்னு சொல்றாங்க. என் பிள்ள மாமியார் வீட்டுக்குப் போனா அவன் தட்டு எங்க இருக்கும்னு கேக்குறாங்க."

எனக்கு உச்சந்தலை வரைக்கும் ஏறிவிட்டது. "யாரப் பாத்து என்ன பேச்சு இது! நான் ஆளத் தள்ளி வைக்கிறவளா? வரச் சொல்லுடி அவங்கள நம்ம வீட்டுக்கு. நானே என் கையால பன்னி சமைச்சுப் போடுறேன். அப்புறம் பேசட்டும்!"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது. இவர் பேப்பரை இறக்கிவிட்டு என்னைப் பார்த்தார். "என்ன பாக்குறீங்க? ஆமா, சமைப்பேன்" என்றேன். அவர் பேப்பரை மறுபடியும் தூக்கிக்கொண்டார்.

அந்த அம்மா வருவார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. ஆனால் வருகிறேன் என்று சொல்லி அனுப்பிவிட்டார். ஒரே ஒரு தடவை, சாப்பிட மட்டும். பார்த்துவிட்டு முடிவு சொல்கிறேன் என்று பிள்ளையிடம் சொல்லியிருக்கிறார். அதாவது இந்த ஒரு வேளைச் சாப்பாட்டில் என் மகளுடைய வாழ்க்கை நிற்கிறது. வேறு எந்த ஊராக இருந்தாலும் பரவாயில்லை. இது கிள்ளான். முக்குக்கு முக்கு பாக்குத்தே கடை. விடிந்தும் விடியாமல் பன்றி எலும்புச் சூப்போடு சோறு தின்கிற ஊர்க்காரிக்கு, வாழ்நாளில் பன்றியைத் தொடாத நான் சமைத்துப் போட வேண்டும்.

நாள் பார்ப்பதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. வெள்ளி பேச்சுக்கே இடமில்லை. சனிக்கிழமை அமாவாசை, வீட்டில் கவிச்சை கூடாது. ஆகவே ஞாயிறு மத்தியானம் என்று முடிவு பண்ணினேன். எல்லாருக்கும் லீவு. அமாவாசையும் கழிந்திருக்கும். எனக்கு நானே முதுகில் தட்டிக்கொண்டேன்.

இவர் போய் லிட்டில் இந்தியாவில் புதுப் பிரஷர் குக்கர் ஒன்று வாங்கி வந்தார். பன்றிக்கு என்றே தனிக் குக்கர், சமையல் முடிந்ததும் பின்சந்துக்குப் போய்விடும் என்று பேச்சு. தாமரை வேலை முடிந்து வரும் வழியில் சுபாங் ஜெயாவில் இறங்கி, சூப்பர் மார்க்கெட்டில் ஹலால் இல்லாத மூலைக்குப் போய், உறைய வைத்த பன்றி இறைச்சி பெரிய பாக்கெட்டாக வாங்கி வந்துவிட்டாள். அதை என் ஐஸ்பெட்டியில் வைக்க நான் விடவில்லை. வெளியே சமைப்பது என்பது வேறு, அது என் தயிருக்கும் மாவுக்கும் பக்கத்தில் மூன்று நாள் படுத்திருப்பது என்பது வேறு. இவருடைய கூட்டாளி குரு காப்பிக்கடை வைத்திருக்கிறார். அவர் கடை ஃப்ரீசரில் வைத்திருந்து சனிக்கிழமை சாயங்காலம் கொண்டுவந்து கொடுத்தால், பின்பக்கம் வாளியில் போட்டு வைத்தால் விடிவதற்குள் இளகிவிடும் என்று ஏற்பாடு.

குரு சனிக்கிழமை மறந்துவிட்டார். ஞாயிறு காலை பசியாறி முடித்த நேரத்துக்கு மோட்டாரில் வந்து இறங்கினார். கையில் பிளாஸ்டிக் பை.

"சோரி அண்ணி, நேத்து கடையில ஆள் கூட்டம்."

பையைத் திறந்து பார்த்தேன். செங்கல். செங்கலாவது உடையும். உள்ளே வைத்திருந்த துண்டுகள் எல்லாம் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டு, வெள்ளையும் சிவப்புமாக ஒரே கட்டியாக இருந்தது. விருந்தாளிகள் ஒரு மணிக்கு வருகிறார்கள். நான் குருவுக்குக் கொடுத்த அர்ச்சனையை இங்கே எழுத முடியாது. அவர் காப்பிகூடக் குடிக்காமல் மோட்டாரைத் திருப்பிக்கொண்டு ஓடிவிட்டார்.

இவர் கத்தியால் வெட்டிப் பார்த்தார். கத்தி வழுக்கிக்கொண்டு போனது. தண்ணீரில் போட்டார். தண்ணீர்தான் சில்லிட்டது. தாமரை போனைப் பார்த்துவிட்டு, "ஃப்ரோசனாவே குக்கர்ல போடலாமாம்மா, நேரம்தான் கொஞ்சம் கூட ஆகுமாம்" என்றாள்.

"அப்படியே கல்லாவா?"

"ஆமாம்மா. முதல்ல தண்ணி ஊத்தி அவிச்சுக்கிட்டு, அப்புறம் வெட்டி மசாலாவுல போடணுமாம்."

எனக்கு நம்பிக்கையில்லை. ஆனால் வேறு வழியும் இல்லை. பின்சந்தில் கூரைத் தகரத்துக்குக் கீழே இவருடைய அடுப்பு இருந்தது. பிளாஸ்டிக்கை உரித்து, கட்டியைக் குக்கருக்குள் செங்குத்தாக இறக்கினார் இவர். கொஞ்சம் முட்டியது. அமுக்கி உட்கார வைத்தார். இஞ்சியைத் தட்டிப் போட்டேன், மஞ்சள், உப்பு, மிளகு, பட்டை, கையளவு சோம்பு. தண்ணீர் ஊற்றி மூடி, வெயிட்டையும் மாட்டியாயிற்று. கையுறை போட்டுக்கொண்டுதான் எல்லாம் செய்தேன். தாமரை சிரித்தாள். சிரிக்கட்டும்.

அரை மணி நேரம் ஆகியும் ஒரு சத்தம் இல்லை. சாதாரணமாக ஆட்டுக்கறி வைத்தால் இதற்குள் விசில் ஊரைக் கூட்டியிருக்கும். உள்ளே இருக்கிற ஐஸ் சூட்டையெல்லாம் தின்றுகொண்டிருந்தது போலும். நான் குக்கரையே பார்த்துக்கொண்டு நின்றேன். அப்போதுதான் மழை பிடித்தது.

கிள்ளான் மழையைப் பற்றி உங்களுக்குத் தெரிந்திருக்கும். தூறலாக ஆரம்பிக்கிற பழக்கமெல்லாம் கிடையாது. சாய்த்துக்கொண்டு அடித்தது. தகரத்தில் இருந்த ஓட்டையெல்லாம் ஒவ்வொன்றாகத் தெரிய வந்தது. காற்றில் அடுப்பு அணைந்தது. இவர் ஓடிப்போய்ப் பற்ற வைத்தார், மறுபடி அணைந்தது. அப்புறம் குடையை விரித்து அடுப்புக்குப் பிடித்துக்கொண்டு மழையில் நின்றார். அடுப்பு நனையவில்லை, இவர் முழுக்க நனைந்தார். சட்டை உடம்போடு ஒட்டிக்கொண்டது. தீ நீலமாக எரிந்து, பாதி சாய்ந்து, மறுபடியும் அணைந்தது.

"உஷா," என்றார். "உள்ள கொண்டு போயிரலாமா?"

"முடியாது" என்றேன். யோசிக்காமல் வந்த பதில்.

அவர் குனிந்து மறுபடி லைட்டரை அழுத்தினார்.

நான் பின்வாசற்படியில் காயாமல் நனையாமல் நின்றுகொண்டு அதைப் பார்த்தேன். எனக்கு அப்போதுதான் விளங்கியது. அந்த அம்மா என்ன கேட்டார்? என் பிள்ளையின் தட்டு எங்கே இருக்கும் என்று கேட்டார். நான் பதில் சொல்லிக்கொண்டுதானே இருக்கிறேன்? இதோ, வெளியே, மழையில். பன்றி சமைத்துப் போட்டு அவர் வாயை அடைக்கிறேன் என்று கிளம்பியவள், அவர் சொன்னதுதான் சரி என்று குடை பிடித்து நிரூபித்துக்கொண்டிருந்தேன். எனக்கு வெட்கமாக இருந்தது. வெட்கம் வந்தால் எனக்குக் கூடவே கோபமும் வரும்.

"குடுங்க இங்க" என்று இறங்கினேன். கையுறையைக் கழற்றி எறிந்தேன். குக்கரின் இரண்டு காதையும் முந்தானையால் பிடித்துத் தூக்கினேன். அது கனமான கனம். படி ஏறி, சமையலறைக்குள் நுழைந்து, என் அடுப்பில், என் சாம்பார்ச் சட்டி உட்காருகிற இடத்தில் வைத்தேன். மாரியம்மன் படம் நேர் எதிரே இருந்தது. நான் நிமிர்ந்து பார்த்தேன்.

"கோவம்னா என்மேல படு. என் பிள்ள மேல வேணாம்" என்று சத்தமாகவே சொன்னேன்.

தாமரை வாசலில் நின்றுகொண்டு பார்த்தாள். அவள் கண் கலங்கியிருந்ததைப் பார்த்துவிட்டு, "நின்னு வேடிக்க பாக்காத, வெங்காயம் உரி" என்று ஒரு சத்தம் போட்டேன்.

உள்ளே வைத்த கொஞ்ச நேரத்தில் குக்கர் முதலில் முனகியது, பிறகு சீறியது, பிறகு வீடே அதிர விசில் அடித்தது. இவர் தலையைத் துவட்டிக்கொண்டே வந்து எட்டிப் பார்த்தார். போதுமான விசில் வந்ததும் இறக்கி, குழாய்த் தண்ணீரை மூடிமேல் விட்டு ஆவியை அடக்கித் திறந்தோம். கட்டியைக் காணோம். துண்டு துண்டாகப் பிரிந்து, கொழுப்பெல்லாம் கண்ணாடி மாதிரி ஆகி, சாறு பொன் நிறத்தில் நின்றது. வாசனை நான் நினைத்த மாதிரி இல்லை. நன்றாகத்தான் இருந்தது. இதை நான் அன்று யாரிடமும் ஒப்புக்கொள்ளவில்லை.

அப்புறம் எனக்குக் கை தானாக ஓடியது. சமையல் என்று வந்துவிட்டால் நான் பயப்படுகிறவள் இல்லை. இவர் துண்டுகளைச் சின்னதாக நறுக்கிக் கொடுத்தார். வாணலியில் எண்ணெய், காய்ந்த மிளகாய், கறிவேப்பிலை, வெங்காயம், அரைத்த மசாலா. கறியைக் கொட்டி, குக்கர்ச் சாற்றையும் விட்டு, கருப்புச் சோயாக் கிச்சாப் இரண்டு சுற்று ஊற்றிச் சுண்ட விட்டேன். ருசி பார்க்க இவரைத்தான் கூப்பிட்டேன். இவர் ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டு கண்ணை மூடினார். இன்னொரு துண்டை எடுத்தார். கரண்டியால் கையில் ஒன்று போட்டேன்.

ஒரு மணிக்குக் கார் வந்து நின்றது. பெக் லியான் குள்ளமாக, ஒட்ட வெட்டிய முடியோடு, கையில் பச்சைக் கல் வளையலோடு இருந்தார். ஒரு பை நிறைய ஆரஞ்சு கொண்டுவந்திருந்தார். எங்களுக்குப் பொதுவாக இருந்தது சந்தையில் பேசுகிற பாசார் மலாய்தான். அதிலேதான் பேசிக்கொண்டோம், இங்கே தமிழில் சொல்கிறேன். அவர் சிரிக்கவில்லை. முறைக்கவும் இல்லை. துணி வாங்க வந்தவர் மாதிரி வீட்டை ஒரு சுற்றுப் பார்த்தார், அவ்வளவுதான்.

எல்லாரையும் மேசையில் உட்கார வைத்தேன். சோறு, கோழிக்குழம்பு, முட்டை, நடுவில் பெரிய கிண்ணத்தில் பன்றி வறுவல். மூடியை நானே திறந்தேன். ஆவி எழும்பியது. பெருமையோடு அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்தேன்.

அவர் கிண்ணத்தைப் பார்த்தார். பிறகு மகனைப் பார்த்துச் சீனத்தில் ஏதோ சொன்னார். சூன் வேயின் முகம் வெளிறிப்போனது. "ஐயோ" என்றான் தமிழிலேயே. தாமரை கற்றுக்கொடுத்திருப்பாள்.

"என்னடி?" என்றேன்.

சூன் வேய்தான் சொன்னான். "ஆன்டி, சோரி ஆன்டி. இன்னிக்கு சீன மாசத்தோட முதல் நாள். மம்மி முதல் நாளும் பதினஞ்சாம் நாளும் சைவம். நான் மறந்துட்டேன் ஆன்டி."

எனக்கு ஒரு நிமிஷம் ஒன்றும் புரியவில்லை. பிறகு புரிந்தது. அமாவாசை கழிந்தால் அவர்களுக்கு மாதம் பிறக்கிறது. நான் என் விரத நாளைத் தாண்டிக் குதித்து, நேராக அவருடைய விரத நாளில் விழுந்திருக்கிறேன். நாள் பார்ப்பதில் என்னை மிஞ்ச ஆள் இல்லை என்று சொன்னேன் அல்லவா?

இவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். சிரிப்பை அடக்குகிறார் என்று எனக்குத் தெரியும். எனக்கோ தலையில் அடித்துக்கொண்டு அழலாம் போல இருந்தது. ஆனால் வீட்டுக்கு வந்தவர் பசியோடு உட்கார்ந்திருக்கிறார். அது மட்டும் எனக்குப் பொறுக்காது.

"கொஞ்சம் இருங்க மேடம்" என்று சொல்லிவிட்டு எழுந்தேன். வெங்காயம், பூண்டு இல்லாமல் சமைக்க எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. தனியாக வைத்திருக்கிற சைவச் சட்டியை எடுத்தேன். ஒரு பக்கம் ரசம், இன்னொரு பக்கம் முட்டைக்கோஸை மெல்லிசாக அரிந்து தேங்காய்ப்பூப் போட்டுப் பிரட்டல், அப்பளம், எலுமிச்சை ஊறுகாய். திரும்பிப் பார்த்தால் அந்த அம்மா சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக நின்றார் என்று தெரியாது. சுவரில் இருந்த அம்மன் படத்தைப் பார்த்துக் கைகூப்பினார். அப்புறம் மேடையில் இருந்த குக்கரைப் பார்த்தார், அடுப்பைச் சுற்றி மஞ்சளாக வழிந்திருந்ததையும் பார்த்தார். திறந்திருந்த பின்கதவு வழியாக, மழையில் கவிழ்ந்து கிடந்த குடையையும் நனைந்த அடுப்பையும் பார்த்தார். எனக்குக் குப்பென்று வியர்த்தது. அவர் போய் உட்கார்ந்துகொண்டார்.

சாப்பாடு அமைதியாக நடந்தது. சூன் வேய் பயத்திலேயே இரண்டு தட்டு வறுவல் சாப்பிட்டான். இவர் மூன்று. அந்த அம்மா ரசத்தைக் கிண்ணத்தோடு தூக்கிக் குடித்தார், கோஸையும் மிச்சம் வைக்கவில்லை. "சாப்பாடு நல்லா இருந்தது" என்று சொல்லிவிட்டு, காலணியை மாட்டிக்கொண்டு போய்விட்டார். கல்யாணத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பிறகு சொல்கிறேன் என்றுகூட இல்லை.

அன்று சாயங்காலம் தாமரை அறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். நான் போய்த் தட்டினேன். "விடுங்கம்மா. நீங்க செஞ்சது போதும்" என்றாள். கோபத்தில் சொன்னாளா, நன்றியில் சொன்னாளா என்று தெரியவில்லை. இரண்டும் வலித்தது. மிச்சம் இருந்த வறுவலை எங்கே வைப்பது என்று இவர் தயங்கிக்கொண்டே கேட்டார். "ஐஸ்பெட்டியில வைங்க, வேற எங்க வைப்பாங்க?" என்று எரிந்து விழுந்தேன். தயிருக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார்.

மறுநாள் திங்கள். இவர் துறைமுகத்துக்கு வேலைக்குப் போய்விட்டார். தாமரை வீங்கின கண்ணோடு ரயிலேறினாள். நான் கஃப்தான் மாட்டிக்கொண்டு, தலைக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டு, துணி மடித்துக்கொண்டிருந்தேன். மத்தியானம் கேட்டை யாரோ ஆட்டும் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். பெக் லியான்.

தனியாக வந்திருந்தார். போன் பண்ணவில்லை, பிள்ளையை அழைத்து வரவில்லை. நேற்றுப் போட்ட நல்ல உடுப்பு இல்லை. கடையில் போடுகிற சட்டை, தோளில் நூல் ஒட்டியிருந்தது. காலில் ஜப்பான் ரப்பர் சிலிப்பர். நான் எண்ணெய்த் தலையோடு கேட்டைத் திறந்தேன்.

"நேத்து சாமி நாள். இன்னிக்கு இல்ல" என்றார். "அந்தக் கறி இருக்கா?"

இருக்கு என்று தலையை ஆட்டினேன். அவர் நேராகச் சமையலறைக்குப் போய், அங்கே இருந்த சின்ன மேசையில் உட்கார்ந்தார். வரவேற்பறையைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நான் வறுவலை எடுத்துச் சூடு பண்ணினேன். சோறு போட்டேன். எங்கள் வீட்டுத் தட்டில்தான் போட்டேன்.

அவர் சாப்பிட ஆரம்பித்தார். ஒரு துண்டு, இரண்டு துண்டு. மென்றுகொண்டே, "கிச்சாப் கூடப் போச்சு" என்றார். அப்புறம் இன்னும் கொஞ்சம் எடுத்துப் போட்டுக்கொண்டார். கூடப் போனதாகத் தெரியவில்லை.

"உள்ள சமைச்ச" என்றார் திடீரென்று. குக்கரைப் பார்த்துச் சொன்னார். "வெளிய அடுப்பு இருந்துச்சு. ஆனா நீ உள்ள சமைச்ச."

பொய் சொல்லியிருக்கலாம். ஆமாம், எங்கள் வீட்டில் எப்போதும் உள்ளேதான் என்று சொல்லியிருந்தால் எல்லாம் சுலபமாக முடிந்திருக்கும். ஆனால் எண்ணெய்த் தலையோடு உட்கார்ந்து பொய் சொல்ல எனக்கு வரவில்லை.

"மழை வந்ததாலதான் உள்ள கொண்டாந்தேன்" என்றேன். "இல்லாட்டி வெளியதான் சமைச்சிருப்பேன். இந்த வீட்டுல எப்பவும் வெளியதான். நான்தான் அப்படிப் பழக்கி வச்சிருக்கேன்."

அவர் மெல்லுவதை நிறுத்தினார். என்னையே பார்த்தார். போச்சு என்று நினைத்தேன். என் மகளுடைய வாழ்க்கையை என் வாயே கெடுத்துவிட்டது என்று நினைத்தேன்.

"இனிமே?" என்று கேட்டார்.

"இனிமே உள்ளதான். வெயிலடிச்சாலும் உள்ளதான்" என்றேன். "நான் சாப்பிட மாட்டேன். அத என்னால மாத்திக்க முடியாது. ஆனா உங்க மகன் எங்க வீட்டு மேசையில எங்களோட உக்காந்து சாப்பிடுவான். அவன் தட்ட எங்க தட்டோட சேத்து நானே கழுவுவேன்."

அவர் தட்டைக் காலி பண்ணினார். எழுந்து போய்த் தொட்டியில் கையையும் தட்டையும் கழுவினார். நான் வாங்கப் போனேன், தர மாட்டேன் என்றுவிட்டார். திரும்பி வந்து உட்கார்ந்து, சட்டையில் கையைத் துடைத்துக்கொண்டு, போனை எடுத்துக் கண்ணுக்குக் கிட்டத்தில் வைத்துக்கொண்டார்.

"தாமரை பொறந்த நேரம் தெரியுமா?" என்றார். "தேதி என் பிள்ள சொல்லிட்டான். நேரம் அவனுக்குத் தெரியல. நேரம் இல்லாம நாள் பாக்க முடியாது லா."

பெண்ணுடைய பிறந்த நேரத்தை எந்த வீட்டில் யார் கேட்பார்கள் என்று எனக்குச் சொல்ல வேண்டுமா? சீனர் வீட்டிலும் அதே கேள்வியைத்தான் கேட்பார்கள் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. என் கண்ணில் இருந்து பொலபொலவென்று கொட்டியது. துடைக்கக் கையைத் தூக்கினால் கையெல்லாம் பன்றி வறுவல் மசாலா. அப்படியே முழங்கையால் துடைத்துக்கொண்டேன்.

"விடியக்காலம் நாலு பதினேழு" என்றேன். "கிள்ளான் பெரிய ஆஸ்பத்திரி."

அவர் ஒற்றை விரலால் மெதுவாகத் தட்டி எழுதிக்கொண்டார். எழுதிவிட்டு, சரியா என்று போனை என் பக்கம் திருப்பிக் காட்டினார். சீன எழுத்துக்கு நடுவே அந்த நாலும் பதினேழும் மட்டும்தான் எனக்குப் படிக்கத் தெரிந்தது. சரி என்றேன்.